செல்லமும் ரௌடியும்

டாக்டரம்மா என் முன்னால் ஒரு துண்டு வெள்ளை வலைத்துணியைப் போட்டு, “இதுதாம்மா கொலைகாரன்” என்றார். நான் கையில் பால்பவுடர் டப்பாவோடு நின்றிருந்தேன். கூண்டுகளுக்குத் தீனி வைக்கிற நேரம். துணியைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை.

“உன் வீட்டுக்காரர் இல்லம்மா. இந்தத் துணி. கொசுவலைக்குன்னு மருந்துல ஊறவெச்ச துணி. கடைக்காரர் சாதா வலைன்னு குடுத்திருக்கார், நாமளும் வாங்கிக் கூண்டுக்குத் தைச்சிருக்கோம். தீனிய சோதிச்சேன், தண்ணிய சோதிச்சேன். துணிய சோதிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. செத்த ரெண்டு கூண்டையும் அப்பவே ஓரங்கட்டிட்டோம், இப்பதான் எடுத்துப் பாத்தேன். மன்னிச்சுக்கோ.”

நல்ல மனுஷிதான். ஆனாலும் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு நான் எங்கே வைப்பேன்? போன மழைக்காலத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஊரின் அந்தக் கோடியில் ஒரு குடோன் மாடியில் படுத்துக்கொண்டிருக்கிறார். நான் இந்தக் கோடியில் ரெட்டைக் கட்டிலில் ஒற்றை ஆளாகப் புரண்டுகொண்டிருக்கிறேன். ஒரு முழத் துணிக்காக.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள். ஈ வளர்க்கிறேன். என் அக்கா இன்றுவரை அவள் மாமியாரிடம் “தங்கச்சி ஆராய்ச்சியில இருக்கா” என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். பூச்சிமருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் கூடம் எங்களுடையது. அதில் ஈக்களுக்கு இரண்டு அறை. இடதுபக்கம் செல்லம், வலதுபக்கம் ரௌடி. காகிதத்தில் அவற்றுக்கு நீளமான பெயர்கள் உண்டு, ஆனால் நாங்கள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. செல்லம் என்பது மருந்தின் வாடைகூடப் படாமல் தலைமுறை தலைமுறையாகப் பொத்திப் பொத்தி வளர்த்த இனம். மருந்து பட்ட விரலால் கூண்டைத் தொட்டால் போதும், மல்லாந்துவிடும். ஒரு புது மருந்துக்கு எவ்வளவு வீரியம் என்று அளக்க அதுதான் அளவுகோல். ரௌடி என்பது மாட்டுக்கொட்டகையிலும் குப்பைமேட்டிலும் எல்லா மருந்தையும் குடித்துப் பிழைத்துக் கிடந்ததைப் பிடித்து வந்து, இங்கேயும் ஒவ்வொரு தலைமுறைக்கும் மருந்து காட்டி, தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் பெருக்கி உண்டாக்கிய இனம். அதைக் கொல்ல வேண்டுமானால் செருப்பால் அடிக்க வேண்டும் என்பார் அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். அவர் முகத்துக்குப் பவுடர் அப்பிக்கொண்டு, சீட்டியடித்தபடி தன் அறைக்குள் நுழைவார். எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பவுடர் கூடாது, தலைச்சாயம் கூடாது, வீட்டில் கொசுவத்தி கூடாது. வந்ததும் இங்கேயே தலைக்குக் குளித்து, இங்கே துவைத்த உடுப்பை மாட்டிக்கொண்டுதான் செல்லத்தின் முகத்தில் விழிக்கலாம். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு செய்ய மாட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வழியும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டரம்மாவிடம் கேட்டேன், இத்தனூண்டு மருந்து எப்படிம்மா கொல்லுது என்று. பெரிய திரையில் ஒரு ஈயின் காலைக் காட்டிச் சொன்னார். ஒரு நரம்பு முடிகிற இடத்துக்கும் அடுத்த நரம்பு தொடங்குகிற இடத்துக்கும் நடுவே நூலிழையை விடச் சின்ன இடைவெளி இருக்கிறதாம். ‘காலைத் தூக்கு’ என்ற சேதி இந்தக் கரையிலிருந்து ஒரு துளி ரசாயனமாகக் குதித்து, அந்தக் கரையில் அதற்கென்றே செய்த ஒரு ஆசனத்தில் உட்கார்கிறது. ஏற்பி என்று அதற்குப் பெயர். உட்கார்ந்ததும் கால் ஒருமுறை தூக்கும். உடனே ஒரு நொதி வந்து அந்தத் துளியைப் பெருக்கித் தள்ளிவிடும். ஆசனம் அடுத்த சேதிக்குக் காலியாகிவிடும். மருந்து என்ன செய்கிறது? சேதியைப் போலவே வேஷம் போட்டு வந்து அந்த ஆசனத்தில் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. பெருக்குகிறவன் விளக்குமாற்றோடு நின்றாலும் அசைவதில்லை. தூக்கு, தூக்கு, தூக்கு என்று ஒரே சேதி ஓடிக்கொண்டே இருக்கும். ஈ மல்லாந்து ஆறு காலும் வெடவெடவென்று ஆடி ஆடியே சாகும். மருந்துக்கு மருந்து உட்காருகிற இடமும் விதமும் மாறுமே தவிர, கூத்து எல்லாம் ஏறக்குறைய இதுதான் என்றார். “ரௌடிக்கு?” என்றேன். “ரௌடிக்கு அந்த ஆசனமே கொஞ்சம் கோணலாயிடுச்சு. மருந்து வரும், உக்காந்து பாக்கும், வழுக்கும், போயிடும்.” நான் நினைத்துக்கொண்டிருந்தேன், மருந்தடித்தால் பூச்சி மயங்கித் தூக்கத்தில் போய்ச் சேரும் என்று. அப்படி இல்லை. நிறுத்த முடியாமல்தான் சாகிறது.

என் வீட்டுக்காரர் ஒரு மரச்சாமான் கடையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கடை ஈ ஓட்டத் தொடங்கி, கடைசியில் மூடியே விட்டார்கள். கொஞ்சநாள் அலைந்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கரப்பானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் மருந்தடிக்கிற கம்பெனியில் சேர்ந்தார். “ஒருத்தி வளக்கிறா, ஒருத்தன் அடிக்கிறான், நல்ல குடும்பம்தான்” என்று நாங்களே சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் செல்லத்தில் இரண்டு கூண்டு மல்லாந்தது. டாக்டரம்மா எதை எதையோ சோதித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டு விவரம் கேட்டார். சொன்னேன். “அப்ப வேற எங்கேருந்தும் வர வழியில்லையேம்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை நான் அப்படியே வீட்டில் போய்ச் சொன்னேன்.

அவர் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து கட்டிலை இழுத்தார். சோப்புத் தண்ணீர் கரைத்து வீட்டைக் கழுவ ஆரம்பித்தார். தரை, சுவர், கதவுப்பிடி, கண்ணாடி, அவர் சாய்ந்து உட்காரும் நாற்காலி. தன் தலையணையையும் போர்வையையும் மூட்டை கட்டிக்கொண்டார். “உன்னோடது நிரந்தர வேலை. நான் கம்பெனி குடோன்லயே தங்கிக்கிறேன், ரெண்டு பேர் ஏற்கெனவே இருக்காங்க” என்றார். நான் வேலையை விடுகிறேன் என்றதற்கு, வாயை மூடு என்றார். போய்விட்டார். அவர் போனது ஒரு கஷ்டம் என்றால், கழுவிவிட்டுப் போனது அதைவிடப் பெரிய கஷ்டம். கைப்பிடி அளவு வாசனைகூட விட்டு வைக்கவில்லை. அலமாரியில் மாட்டியிருந்த ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன், சவுக்காரம்தான் மணத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் பார்த்துக்கொள்வோம். அவர் பெஞ்சின் அந்த முனையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்காருவார், நான் இந்த முனையில். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். சில நாள் நிஜமாகவே ஒரு ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார், அவர் தலைக்கு மேலாக நாங்கள் பேசுவோம். என்ன சாப்பிட்டாய், குழாயில் தண்ணீர் வருகிறதா, கேஸ் தீர்ந்ததா. எனக்கு அதெல்லாம் பேச வேண்டியதே இல்லை. அவர் கழுத்தில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். எனக்கு அவர் வேண்டும். இந்த வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

துணியைப் பார்த்த அன்றைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே குடோனுக்குப் போனேன். வாசல் முற்றத்தில் முதுகில் மாட்டுகிற மருந்து டாங்கைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். என்னைக் கண்டு ஒரு ஆண்பிள்ளை பின்வாங்குவதும், அது என் புருஷனாகவே இருப்பதும், அனுபவித்தால்தான் தெரியும்.

“அங்கேயே நில்லு. என்ன ஆச்சு?”

நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கொட்டினேன். துணி, கடைக்காரர், டாக்டரம்மாவின் மன்னிப்பு. “கெளம்புங்க. பெட்டியை எடுங்க. நீங்க ஒரு பாவமும் பண்ணல” என்றேன். நான் எதிர்பார்த்தது என்னவென்றால், அவர் குழாயை அப்படியே போட்டுவிட்டு வருவார் என்று. அவர் குழாயை மூடி, கையுறையைக் கழற்றி, மடித்து வைத்தார்.

“வலையில மருந்து இருந்துச்சு, சரி. எங்கிட்ட இல்லைன்னு யாரு சொன்னா?”

“டாக்டரம்மா சொல்றாங்க. இங்க வந்து குளிச்சு மாத்திக்கிறதே போதும்ங்கிறாங்க. என் ஈய நான் பாத்துக்கறேன்.”

“நான் ஈயப் பத்திப் பேசல.” கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “மாசாமாசம் ஒரு கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போறேன். அந்தக் குழந்தை எங்கிட்டத் தாவுது, நான் வாங்கறதில்ல. அன்னிக்கு ஒரு எறும்பு இங்க ஏறிச்சு.” மணிக்கட்டைக் காட்டினார். “முழங்கை வரைக்கும் போகல. நடுவுல நின்னுடுச்சு. தட்டிவிட்டா விழுது. இந்தக் கையோட நான் உன் பக்கத்துல வந்து படுக்கணுமா?”

எறும்புக்கு ஆயிரம் காரியம் இருக்கும், நிற்கும், போகும். அதையெல்லாம் சொன்னேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு ஏறவில்லை. டாக்டரம்மா போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. அதே டாக்டரம்மா வந்து கூப்பிட்டாலும் அது எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் பழக்கதோஷத்தில் ஒரு அடி முன்னால் வந்து, பிறகு நின்றுவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். “உன் செல்லத்தக் கொண்டா. தொட்டாலே போயிடும்னு சொல்லுவியே. என் கையில விட்டுப் பாப்போம். ஒண்ணும் ஆகலன்னா அன்னிக்கே பெட்டியத் தூக்கிட்டு வந்துடறேன்.”

“ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா என்னைக் கூப்பிடாத இனிமே.”

டாக்டரம்மாவிடம் கேட்டேன். வயதான ஈக்களை வாரக்கடைசியில் குளிர்பெட்டியில் போட்டுக் கொன்றுவிடுவதுதான் வழக்கம், அதில் கொஞ்சம் தரச் சொல்லிக் கேட்டேன். எதற்கென்றும் சொன்னேன். தாராளமாக எடுத்துக்கொள் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஆனா ஒண்ணு. தினம் அடிக்கிறவர். எவ்வளவு குளிச்சாலும் நகக்கண்ணுலயோ தோல்லயோ துளி இருக்கத்தான் செய்யும். உனக்கோ அவருக்கோ அதால ஒண்ணும் ஆகாது. செல்லம் தாங்குமா? எனக்கே தெரியாதும்மா” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அன்று முழுக்கப் பொருமினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சீசாவோடு நடைவழியில் நின்றேன். சீசாவின் வாயில் என் பழைய தலையணை உறையைக் கிழித்துத் தைத்த துணிக் கை, உள்ளே கையை விட்டால் ஈ தப்பாமல் இருப்பதற்கு. இடதுபக்கம் செல்லத்தின் கதவு. எனக்கு உரிமையுள்ள கதவு, அனுமதியும் வாங்கியாகிவிட்டது. கைப்பிடியில் கையை வைத்தேன். அவர் கையில் செல்லம் ஒவ்வொன்றாக ஏறுவதும், ஒன்று நிற்பதும், மல்லாந்து கால் ஆடுவதும், அதை அவர் குனிந்து பார்ப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவரிடம் போய் நீங்கள் சுத்தம், நீங்கள் சுத்தம் என்று முற்றமே அதிரக் கத்தினேனே, எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன? எனக்கு அவர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வந்தால் போதும்.

வலதுபக்கக் கதவைத் திறந்தேன்.

ரௌடியை வெளியே கொண்டுபோவது தெரிந்தால் வேலை போய்விடும். அது நியாயம்தான், அந்த இனம் ஊருக்குள் பெருகினால் ஒரு மருந்தும் வேலை செய்யாது. அதனால் பனிக்கட்டித் தட்டில் மயக்கிப் போட்டு, ஆண் ஈயாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஆணுக்கு இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டினாற்போல் இருக்கும், பெண்ணுக்கு நடுவில் இடைவெளி விட்டிருக்கும். ஒன்று தப்பினாலும் முட்டையிடாது என்றுதான். வேலை முடிந்ததும் சீசாவோடு ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவதாகவும் எண்ணம். ஒரு திருட்டை இவ்வளவு பொறுப்பாக யாரும் செய்திருக்க மாட்டார்கள். திரும்பினால் கதவருகே அண்ணன் நின்றுகொண்டிருக்கிறார். குடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

“என்னம்மா, இந்தப் பக்கம்?”

“கேக்காதீங்கண்ணே.”

அவருக்கு என் வீட்டுக் கதை தெரியும். துணி விஷயமும் தெரியும். சீசாவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு, “மூடிய நல்லா இறுக்கிப் போடு” என்று சொல்லிவிட்டுப் போனார். தெருமுனை வரைக்கும் அவர் சீட்டிச் சத்தம் கேட்டது.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார். குடோனிலேயே குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, மடிப்புக் கலையாத சட்டையில், பெண் பார்க்க வந்தவரைப் போல வாசலில் நின்றார். செருப்பைப் படிக்கட்டுக்கும் கீழே விட்டிருந்தார். உள்ளே வந்தும் சுவரில் கை படாமல் நடந்தார். மேசையில் சீசாவை வைத்திருந்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டார்.

“இதுதானா செல்லம்?”

“ஆமாங்க.”

“பாவம்” என்றார். “செத்தா திட்டாதே.”

துணிக்குள் கையை விட்டார். ஈக்கள் முதலில் கலைந்து பறந்து மேலே ஒட்டிக்கொண்டன. பிறகு ஒன்று இறங்கியது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டதை என்னால் பார்க்க முடிந்தது. நான் ஈயைப் பார்க்கவில்லை. ஈக்கு ஒன்றும் ஆகாது. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. மரச்சாமான் ஏற்றும்போது கிழித்த தழும்பு, முழங்கைப் பக்கம் இருந்த மச்சம், கடிகாரம் கட்டிக் கட்டி வெளுத்த இடம். புதிதாக ஒரு நரை முடி. இன்னொரு ஈ இறங்கியது, இன்னும் இரண்டு. கட்டைவிரலில் நின்று மோந்து பார்த்துவிட்டு, சட்டமாய் மணிக்கட்டைத் தாண்டி மேலே நடந்தது ஒன்று.

“கூசுது” என்றார். உதட்டோரம் லேசாக இழுத்தது. மழைக்காலத்துக்குப் பிறகு அவர் சிரிப்பை இப்போதுதான் பார்க்கிறேன்.

“போதும், எடுத்துருங்க” என்றேன்.

“எவ்வளவு நேரத்துல விழும் வழக்கமா?”

“கால் மணி நேரம். போதும்ங்க, பாத்தாச்சுல்ல.”

“இரு. அரை மணி நேரமாவது வெப்போம். வந்தப்புறம் சந்தேகம் இருக்கக் கூடாது.”

இந்த ஆளின் நேர்மையை என்னவென்று சொல்வது? அந்த ஈக்கள் நாளைக்கு வரைக்கும் நடக்கும், மருந்து டாங்குக்குள்ளேயே தூக்கிப் போட்டாலும் நீந்திக் கரையேறி நடக்கும். அதைச் சொல்ல முடியாமல், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நானும் அவரோடு சேர்ந்து கவலையாக முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சமையலறைக் குழாய் சொட்டியது. பார்த்துச் சரி செய்ய வேண்டும் என்று அவர் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பினார், கை மட்டும் அசையவில்லை.

“எவ்வளவு தெம்பா நடக்குது பாரு” என்றார் மெதுவாக. “நான்தான் வீணா பயந்துட்டேன்.”

“ஆமாங்க” என்றேன்.

ஈக்களைவிட்டுக் கண்ணை எடுக்காமலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்று அவர் மணிக்கட்டில் நின்று முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டது. அப்போது மேசைக்கு அடியில், தரையில் எதையோ தேடுகிற மாதிரி நகர்ந்து வந்து, அவர் பாதம் என் பாதத்தின் மேல் ஏறியது. ஜில்லென்று இருந்தது. நான் அசையாமல் இருந்தேன். அரை மணி ஆக இன்னும் நேரம் இருந்தது.